காக்கும் கைகளைக் காத்தல்

உரைநடை உலகம்

நுழையும்முன்

நோயுற்றோர் நலம் நாடிச் செல்லும் இடம் மருத்துவமனை. அங்கேயே புதியதொரு நோய் பற்றிக்கொள்ளுமாயின் என்ன ஆகும்? நோயாளியைத் தொட்டுப் பேணும் செவிலியருக்கும், கழிவை அகற்றும் தூய்மைப் பணியாளருக்கும் அந்நோய் பரவுமாயின் யார் யாரைக் காப்பர்? மருத்துவப் பணியிடங்களில் தொற்று எவ்வாறு பரவுகிறது, அதனை மனித அறிவு எவ்வாறு தடுக்கக் கற்றது, சென்னையும் அதன் மேற்குப் புறநகர்களும் அவ்வரலாற்றில் எங்கு இடம்பெறுகின்றன என்பவற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நான்காமவர்

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், மருத்துவத்தின் கூறுகளை நான்கு எனப் பகுக்கிறார் வள்ளுவர். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றனோடு, அருகிலிருந்து மருந்து அளித்துத் துணைநிற்பவரையும் நான்காவதாக அவர் சேர்த்துள்ளார். மருத்துவருக்கு இணையாக உதவியாளரும் அங்கு எண்ணப்படுவது நாம் கருத்தில் கொள்ளத்தக்கது.

இன்றைய மருத்துவமனையில் அந்த நான்காமவர் ஒருவரல்லர், பலர். செவிலியர், ஆய்வக நுட்பநர், அவசர ஊர்தியின் பணியாளர், படுக்கை விரிப்பைத் துவைப்பவர், தரையைத் துடைப்பவர், கழிவைச் சுமந்து செல்பவர் என அவ்வரிசை நீளும். நோயாளியின் குருதி, சளி, சீழ், மூச்சுக்காற்று ஆகியவற்றுக்கு மிக அருகில் நாள்தோறும் நிற்பவர்கள் இவர்களே. இவர்களுக்கு வரும் தொற்று இவர்களோடு நின்றுவிடுவதில்லை. அடுத்த படுக்கையில் இருப்பவருக்கும், மாலையில் வீடு திரும்பும்போது குடும்பத்தினருக்கும் சென்று சேர்கிறது. எனவே பணியாளரைக் காப்பதும் நோயாளியைக் காப்பதும் ஒரே செயலின் இரு பக்கங்கள்.

மருத்துவமனைக்கு வரும்போது இல்லாது, சிகிச்சையின்போது அங்கே வந்து பற்றும் தொற்றினை மருத்துவமனைசார் தொற்று என்பர். உலக நலவாழ்வு நிறுவனம் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, மருத்துவமனைகளில் சேர்க்கப்படுவோரில், செல்வ வளம்மிக்க நாடுகளில் நூற்றுக்கு 7 பேரும், ஏனைய நாடுகளில் நூற்றுக்கு 15 பேரும் இத்தகைய தொற்று ஒன்றையேனும் பெறுகின்றனர். அவ்வாறு தொற்றுற்றோருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் உயிரிழக்கிறார். இவ்வுயிரிழப்புகளுள் பெரும்பகுதியைத் தவிர்க்க விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. சோப்பும் நீரும், ஒழுங்கும் போன்ற எளிய வழிகளே பெரிதும் உதவும்.

கை கற்பித்த பாடம்

1844ஆம் ஆண்டில் சென்னையில் மகப்பேற்றுக்கெனத் தனி மருத்துவமனை ஒன்று தொடங்கப்பட்டது. இன்று எழும்பூரில் தாய்சேய் நலம் பேணும் புகழ்பெற்ற அரசு மருத்துவமனையின் தொடக்கம் அதுவே. அக்காலத்தில் உலகெங்கும் மகப்பேறு மருத்துவமனைகளை அச்சுறுத்திய நோய் மகப்பேற்றுக் காய்ச்சல். குழந்தை பிறந்த சில நாள்களில் தாய்க்குக் கடுங்காய்ச்சல் கண்டு உயிர் பிரியும். நுண்ணுயிர்களே நோய்க்குக் காரணம் என்னும் உண்மை அன்று நிறுவப்படவில்லை.

ஆஸ்திரிய நாட்டின் தலைநகரான வியன்னாவின் பொது மருத்துவமனையில் இரண்டு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும், இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகளும் மகப்பேறு பார்த்தனர். முதற்பிரிவில் இறந்த தாய்மார்களின் எண்ணிக்கை இரண்டாம் பிரிவைவிட மிகுதியாக இருந்தது. அங்குப் பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவர், இதன் காரணத்தைத் தேடினார். நெடுநாள் விடை கிடைக்கவில்லை.

1847ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவருடைய நண்பரும் பேராசிரியருமான யாக்கோப் கொலெட்ச்கா உடற்கூறாய்வு செய்துகொண்டிருந்தபோது, மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலில் பட்டது. அச்சிறு காயத்திலிருந்து தொற்று உடலெங்கும் பரவி அவர் இறந்தார். அவருடைய உடலை ஆய்ந்த குறிப்புகளைப் படித்த செம்மல்வைஸ், மகப்பேற்றுக் காய்ச்சலால் இறந்த தாய்மார்களின் உடலில் காணப்பட்ட அதே மாற்றங்கள் நண்பரின் உடலிலும் இருந்ததைக் கண்டார். புதிருக்கு விடை கிடைத்தது. முதற்பிரிவின் மருத்துவர்களும் மாணவர்களும் பிணவறையில் உடற்கூறாய்வு செய்துவிட்டு அப்படியே மகப்பேறு பார்க்க வந்தனர். மருத்துவச்சிகள் பிணவறைக்குச் செல்வதில்லை. நோயை ஏந்திவந்தவை மருத்துவர்களின் கைகளே.

அவ்வாண்டு மே மாதத்தின் நடுவில், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகளைக் கழுவிய பின்னரே நோயாளியைத் தொட வேண்டும் என அவர் ஆணையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 என்னும் அளவில் இருந்த தாய்மார் இறப்பு, ஜூன் மாதத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது. எனினும், தம் கைகளே நோய்க்குக் காரணம் என்பதை ஏற்க அக்கால மருத்துவர் பலர் மறுத்தனர். மனமுடைந்த செம்மல்வைஸ், 1865இல் மனநலக் காப்பகம் ஒன்றில், காயத்தில் ஏற்பட்ட தொற்றினால் உயிர்நீத்தார். அதே ஆண்டில்தான் இங்கிலாந்து நாட்டு அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு காயங்களைத் தூய்மைப்படுத்தத் தொடங்கினார்.

கொலெட்ச்காவும் ஒரு மருத்துவப் பணியாளர். பணியிடத்தில் அவருக்கு நேர்ந்த காயமும் இறப்புமே எண்ணற்ற தாய்மார்களைக் காக்கும் அறிவைத் தந்தன.

தெரிந்து தெளிவோம்

அறுவை சிகிச்சையில் இன்று இன்றியமையாததாக விளங்கும் இரப்பர்க் கையுறை, முதலில் நோயாளிக்காகத் தோன்றியதன்று. அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலைன் ஹாம்ப்டன் என்னும் செவிலியரின் கைகள், தொற்றுநீக்கியாகப் பயன்பட்ட பாதரசக் குளோரைடால் புண்ணாயின. அவர் பணியைத் தொடரும்பொருட்டு, அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1889-90ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் குட்இயர் நிறுவனத்திடம் மெல்லிய கையுறைகளைச் செய்து பெற்றார். கையுறை அணிவதால் நோயாளிக்கு ஏற்படும் தொற்றும் குறைகிறது என்பது பின்னரே உணரப்பட்டது.

1986: சென்னை காட்டிய உண்மை

மருத்துவப் பணியிடப் பாதுகாப்பு வரலாற்றின் அடுத்த திருப்பத்தில் சென்னை நேரடியாக இடம்பெறுகிறது. 1986ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும், அவர்தம் மாணவியான செல்லப்பன் நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வின்வழி, இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று இருப்பது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. வெளித்தோற்றத்தில் நலமாக இருப்போரின் குருதியிலும் அந்நச்சுயிர் இருந்தது.

இக்கண்டுபிடிப்பு மருத்துவமனைகளின்முன் கடினமான வினா ஒன்றை வைத்தது. யாருடைய குருதியில் நோய் உள்ளது என்பது முகத்தைப் பார்த்துத் தெரியாது எனில், யாரிடம் மட்டும் எச்சரிக்கையாக இருப்பது? ஏழையிடமா, அயலாரிடமா, நாம் ஐயுறுகின்றவரிடமா? அவ்வாறு பிரித்துப் பார்த்தல் அறமற்றது, அறிவியலுக்கும் ஒவ்வாதது. ஐயுறப்பட்டவர் இழிவுபடுத்தப்படுவர்; ஐயுறப்படாதவரிடமிருந்து தொற்று நுழையும்.

இதே வினாவை எதிர்கொண்ட அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1987இல் தெளிவான நெறியொன்றை வகுத்தது. எவருடைய குருதியாயினும் அது தொற்றுடையது என்றே கருதி, எல்லாரிடமும் ஒரே வகையான முன்னெச்சரிக்கையைக் கைக்கொள்ள வேண்டும் என்பதே அந்நெறி. 1996இல் அது மேலும் விரிவாக்கப்பட்டு, செந்தர முன்னெச்சரிக்கை என்னும் பெயர் பெற்றது. இன்று உலகெங்கும் பின்பற்றப்படுவது இதுவே. நோயாளிக்கு நோயாளி வேறுபாடு காட்டாமை என்னும் அறமும், தொற்றுத் தடுப்பு என்னும் அறிவியலும் இந்நெறியில் ஒன்றுபட்டு நிற்கின்றன.

தொற்றுச் சங்கிலி

தொற்று தானாக ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குத் தாவுவதில்லை. நோய்க்கிருமி, அது தங்கும் இடம், வெளியேறும் வழி, பரவும் முறை, நுழையும் வழி, நோய்க்கு ஆட்படக்கூடிய உடல் ஆகிய ஆறும் ஒரு சங்கிலியின் கண்ணிகள் போன்றவை. ஏதேனும் ஒரு கண்ணியை அறுத்துவிட்டால் தொற்று நின்றுவிடும். மருத்துவப் பணியிடத்தில் பின்பற்றப்படும் ஒவ்வொரு விதியும் இவற்றுள் ஏதேனும் ஒரு கண்ணியை அறுப்பதற்கானதே. விதியின் பின்னுள்ள காரணத்தை அறிந்தவர் கண்காணிப்பார் இல்லாதபோதும் அதனைக் கடைப்பிடிப்பார்.

கைத்தூய்மை: கைகழுவ வேண்டிய தருணங்கள் ஐந்து என உலக நலவாழ்வு நிறுவனம் வரையறுத்துள்ளது. நோயாளியைத் தொடுமுன், தூய செயல்முறைக்கு முன், உடல்நீர்மங்கள் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியின் சுற்றுப்புறப் பொருள்களைத் தொட்ட பின் என்பன அவை. முதல் இரண்டும் நோயாளியைக் காப்பன. பின்னைய மூன்றும் பணியாளரையும் பிறரையும் காப்பன. சோப்பும் நீரும் கொண்டு கழுவ 40 முதல் 60 நொடிகளும், சாராயக் கரைசலைத் தேய்க்க 20 முதல் 30 நொடிகளும் தேவை. விரல் இடுக்கும் கட்டைவிரலும் நகக்கண்ணும் விடுபடுவது இயல்பு. அங்கேதான் கிருமிகள் எஞ்சுகின்றன. கையுறை அணிந்தவரும் அதனைக் கழற்றியபின் கைகழுவியே ஆக வேண்டும்.

ஊசிக்காயம்: நோயுள்ளவரின் குருதி படிந்த ஊசி குத்துவதால் பணியாளருக்கு நேரும் இடர் நோய்க்கு நோய் மாறுபடும். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை. எச்.ஐ.வி.க்கு அவ்வாய்ப்பு ஆயிரத்துக்கு 3. மக்கள் பெரிதும் அஞ்சுவது பின்னதற்கே. ஆயினும் எளிதில் தொற்றுவது முன்னது. அதற்குத் தடுப்பூசி உண்டு என்பதே ஆறுதல். பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடியிடலாகாது. துளைக்கவியலாத கலத்தில் உடனே இட வேண்டும். ஊசி குத்திவிட்டால் காயத்தைப் பிதுக்காமல் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணிநேரத்திற்குள், இயன்றவரை முதல் சில மணிநேரத்திலேயே தொடங்கி, 28 நாள்கள் உட்கொள்ள வேண்டும். கண்டிப்புக்கு அஞ்சிக் காயத்தை மறைப்பவர் இக்காலத்தை இழந்துவிடுகிறார். ஆகவே, காயத்தைத் தெரிவிப்பவரைக் கடிந்துகொள்ளாத பணிச்சூழலும் ஒரு மருந்தே.

காற்றோட்டம்: காசநோய், தட்டம்மை, சின்னம்மை போன்றவை காற்றின் வழியே பரவுவன. இருமலும் தும்மலும் வெளியேற்றும் நுண்துகள்கள் மூடிய அறையில் நெடுநேரம் மிதந்துகொண்டிருக்கும். எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வைத்தல், இருமுவோருக்கு முகக்கவசம் அளித்துத் தனியிடத்தில் அமரச் செய்தல் ஆகிய எளிய செயல்கள் பலரைக் காக்கும்.

கழிவு மேலாண்மை: 2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவு தோன்றும் இடத்திலேயே அதனைப் பிரிக்க வேண்டும் என்கின்றன. குருதி தோய்ந்த பஞ்சு, கட்டுத்துணி, உடற்பகுதிகள், காலாவதியான மருந்துகள் ஆகியவை மஞ்சள் நிறப் பையிலும், நெகிழிக் குழாய், ஊசி நீக்கிய ஊசிக்குழல், கையுறை ஆகியவை சிவப்பு நிறப் பையிலும் இடப்படும். ஊசி, கத்தி முதலிய கூரிய பொருள்களுக்கு வெண்ணிற ஒளிகசியும் கலமும், கண்ணாடிப் பொருள்களுக்கு நீல நிறக் கலமும் உரியன. பதப்படுத்தப்படாத கழிவை 48 மணிநேரத்திற்கு மேல் வைத்திருத்தல் கூடாது. கழிவைக் கையாளும் அனைவருக்கும் ஹெபடைடிஸ் பி, இசிவுநோய் ஆகியவற்றுக்கான தடுப்பூசி போடுவதும், ஆண்டுதோறும் உடல்நல ஆய்வு நடத்துவதும் நிறுவனத்தின் கடமைகள். பஞ்சுப் பையில் யாரோ கவனமின்றி எறிந்த ஊசி, அந்தப் பையைத் தூக்குபவரின் தொடையில் குத்துகிறது. எறிந்தவர் அவர் முகத்தைக்கூடப் பார்த்திருக்கமாட்டார்.

2020: ஆவடி, பூந்தமல்லி, அம்பத்தூர்

கொரோனா நோய் உலகப் பெருந்தொற்று என 2020 மார்ச்சு 11 அன்று அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் முதல் நோயாளி அதற்கு நான்கு நாள்களுக்கு முன்னர்க் கண்டறியப்பட்டிருந்தார். அதுவரை அறுவை அரங்கினுள் மட்டும் பேசப்பட்ட முகக்கவசமும் கவச உடையும் வீதிதோறும் பேசப்பட்டன. இந்தியாவில் முழுக் கவச உடை உற்பத்தி அதுகாறும் இல்லையென்னும் அளவிலேயே இருந்தது. வெளிநாட்டு வரவும் தடைப்பட்ட நிலையில், மருத்துவப் பணியாளர்களுக்கு எதைக் கொண்டு பாதுகாப்பு அளிப்பது என்னும் கேள்வி எழுந்தது.

விடையளித்த இடங்களுள் ஒன்று ஆவடி. 1961இல் நிறுவப்பட்டு, படைவீரர்களின் சீருடைகளைத் தைத்துவந்த ஆவடிப் படைத்துறை உடைத் தொழிற்சாலை, மருத்துவப் பணியாளர்களுக்கான கவச உடைகளைத் தைக்கத் தொடங்கியது. சீருடை தைப்பதும் கவச உடை தைப்பதும் ஒன்றல்ல. ஊசி துளைத்துச் செல்லும் ஒவ்வொரு புள்ளியும் நச்சுயிருக்கு ஒரு வாயில். எனவே தையல் முழுவதன்மீதும் வெப்பத்தால் ஒட்டுப்பட்டை பதித்து மூட வேண்டும். துணியின்மீது செயற்கைக் குருதியை அழுத்தத்துடன் செலுத்தி, அது மறுபுறம் கசிகிறதா எனக் காண வேண்டும். இச்சோதனையை நடத்துவதில் கோயம்புத்தூரிலுள்ள தென்னிந்திய ஆடை ஆராய்ச்சிச் சங்கம் முன்னின்றது. தையற்காரரின் கையும், ஆய்வாளரின் கண்ணும், பேருந்தில்லா நாள்களில் நெடுந்தொலைவு சென்ற செவிலியரின் உடலும் இவ்வாறு ஒரு நூலால் இணைந்தன.

எனினும், உடை மட்டுமே காப்பதில்லை. சித்திரை வெயிலில் பல மணிநேரம் நீரும் அருந்தாது அவ்வுடைக்குள் வியர்வையில் நனைந்தவர், பணி முடிந்ததும் அதனை விரைந்து களையவே விரும்புவார். இடர் மிகுந்த நேரம் அதுவே. உடையின் வெளிப்புறத்தில் படிந்துள்ள கிருமி, களையும் கைகளுக்கும், கைகளிலிருந்து முகத்துக்கும் செல்லும். ஆகவே முதலில் கையுறை, பின்னர்க் கண்காப்பு, அதன்பின் மேலங்கி, இறுதியில் முகக்கவசம் என்னும் வரிசையில், வெளிப்புறம் உட்புறமாகச் சுருளுமாறு பொறுமையாகக் களைந்து கைகழுவுதல் வேண்டும். இதற்குப் பயிற்சி தேவை. களைபவரைக் கவனித்து வழிகாட்ட உடன் ஒருவரும் தேவை.

பூந்தமல்லியில் அமைந்துள்ள பொதுச் சுகாதார நிறுவனம், நலவாழ்வுத் துறைப் பணியாளர்களுக்குப் பயிற்சியளித்துவரும் அரசு நிறுவனமாகும். பெருந்தொற்றின்போது தனிமைப்படுத்தப்பட்டோரைத் தங்கவைத்த இடங்களுள் அதுவும் ஒன்றாயிற்று. நோயைத் தடுக்கக் கற்பித்த வளாகமே நோய்த்தடுப்புக் களமாகியது.

இப்பகுதியின் வரலாற்றில் வருந்தத்தக்க நிகழ்வொன்றும் உண்டு. நெல்லூரில் பணியாற்றிய மருத்துவர் ஒருவர் கொரோனா தொற்றுற்றுச் சென்னைத் தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று, 2020 ஏப்ரல் 13 அன்று உயிர்நீத்தார். அவர் உடல் அம்பத்தூரிலுள்ள தகனக் கூடத்திற்குக் கொண்டுவரப்பட்டபோது, தமக்கும் நோய் பரவும் என்று அஞ்சி அங்கிருந்தோர் எதிர்த்தனர். உடல் திருப்பி அனுப்பப்பட்டு, பின்னர் வேறிடத்தில் எரியூட்டப்பட்டது. அவ்வாரம் கழிவதற்குள் மற்றொரு மருத்துவரின் நல்லடக்கத்தின்போது உடன்வந்தோர் தாக்கப்பட்டனர். பிறருக்காகத் தம்மை இடருக்கு உட்படுத்தியவர்களுக்கு இறுதி மரியாதையும் மறுக்கப்பட்டது.

அவ்வச்சம் அறியாமையால் விளைந்தது. உரிய முறைப்படி பையில் பொதியப்பட்டு, வெளிப்புறம் தொற்றுநீக்கம் செய்யப்பட்ட உடல் இருமுவதில்லை, தும்முவதில்லை. எரியூட்டிய சாம்பலால் எவ்வகை இடரும் இல்லை என மத்திய நலவாழ்வுத் துறை அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேயே வழிகாட்டியிருந்தது. செய்தி இருந்தது; அது மக்களைச் சென்று சேரவில்லை. இந்நிகழ்வுகளுக்குப்பின், 1939ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ், அறிவிக்கப்பட்ட நோயால் இறந்தோரின் இறுதிச்சடங்கைத் தடுப்பவருக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வகைசெய்யும் அவசரச் சட்டத்தை, ஏப்ரல் 26 அன்று தமிழ்நாடு அரசு பிறப்பித்தது.

நோயச்சத்தை ஆய்வறிவால் வெல்ல முடியும் என்பதற்குச் சென்னையிலேயே முன்னுதாரணம் உண்டு. காசநோயாளிகளைக் குடும்பத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்று கருதப்பட்ட காலத்தில், 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்து உட்கொண்டவர்களையும் மருத்துவமனையில் தங்கியவர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தது. முறையாக மருந்து உட்கொள்வோர் வீட்டில் இருப்பதால் குடும்பத்தினருக்குக் கூடுதல் இடர் இல்லை என 1959இல் வெளியான அவ்வாய்வு காட்டியது. அம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை முறையையே மாற்றியது.

யாருடைய பொறுப்பு?

தொற்றுத் தடுப்பினை ஒருவரின் தனிப்பட்ட தூய்மையாக மட்டும் கருதுதல் தவறு. கைகழுவச் சொல்லும் நிறுவனம், கைக்கெட்டும் தொலைவில் நீர்க்குழாயும் சோப்பும் வைத்திருக்க வேண்டும். ஒரு செவிலியர் அளவுக்கு மீறிய நோயாளிகளைக் கவனிக்க நேர்ந்தால், ஒவ்வொரு முறையும் கைகழுவ அவருக்கு நேரம் எங்கிருந்து வரும்? ஒப்பந்த முறையில் பணிபுரியும் தூய்மைப் பணியாளருக்குத் தடித்த கையுறையும் தடுப்பூசியும் பயிற்சியும் அளிக்கப்படவில்லையெனில், அந்த மருத்துவமனையின் பாதுகாப்பு அங்கேயே அறுந்துவிடுகிறது. மருத்துவர் கைகழுவ மறந்தால் அதனைச் சுட்டிக்காட்டும் உரிமை செவிலியருக்கும் உதவியாளருக்கும் இருத்தல் வேண்டும். செம்மல்வைஸ் காலத்து மருத்துவர்களின் தன்மதிப்பு உணர்வு எத்தனை தாய்மாரை இழக்கச் செய்தது என்பதை நாம் கண்டோம்.

நோயாளியைக் காணச் செல்லும் நமக்கும் பங்குண்டு. கூட்டமாகச் செல்லாமை, படுக்கையின்மீது அமராமை, காய்ச்சலோ சளியோ இருப்பின் செல்வதைத் தவிர்த்தல், உள்ளே நுழையும்போதும் வெளிவரும்போதும் கைகளைத் தூய்மை செய்தல், மருத்துவமனை வளாகத்தில் எச்சில் உமிழாமை ஆகியவை நாம் செய்யத்தக்கன. உங்களுள் சிலர் நாளை மருத்துவராகலாம், செவிலியராகலாம், ஆய்வகத்திலோ தொழிற்சாலையிலோ பணியாற்றலாம். எப்பணியாயினும், பெருந்தொற்றுக் காலத்தில் நம்மைக் காத்தனர் எனப் போற்றுவதோடு நம் நன்றி நின்றுவிடலாகாது. அவர்கள் கைகளில் கையுறையும், குழாயில் நீரும், பணியில் மதிப்பும் உள்ளனவா என்று கேட்பதே அந்நன்றியின் செயல்வடிவம்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்திற்கு ஆசிரியருடன் சென்று, நான்கு நிறக் கழிவுக் கலங்கள் பயன்படுத்தப்படும் முறையைக் கண்டறிந்து குறிப்பெழுதுக.
2. தூய்மைப் பணியாளர் ஒருவரிடம் அவருடைய ஒரு நாள் பணியைப் பற்றி நேர்காணல் செய்து, அவர் விரும்பினால் வகுப்பறையில் பகிர்க.
3. 'அச்சமும் அறியாமையும்' என்னும் தலைப்பில் அம்பத்தூர் நிகழ்வை முன்வைத்துக் கலந்துரையாடுக.

சொல்லும் பொருளும்

செந்தரம் – எல்லாரும் ஏற்றுப் பின்பற்றும் அளவுகோல்
தொற்றுநீக்கி – நோய்க்கிருமிகளை அழிக்கும் பொருள்
நீர்மம் – திரவம்
இசிவுநோய் – காயத்தின்வழிக் கிருமி புகுந்து தசைகளை விறைக்கச் செய்யும் நோய்
நுட்பநர் – தொழில்நுட்பப் பயிற்சி பெற்ற பணியாளர்

இலக்கணக்குறிப்பு

காக்கும் கைகள் – பெயரெச்சம்
பதப்படுத்தப்படாத கழிவு – எதிர்மறைப் பெயரெச்சம்
தாய்சேய் – உம்மைத்தொகை
நுண்ணுயிர் – பண்புத்தொகை
கையுறை – நான்காம் வேற்றுமைத்தொகை

பகுபத உறுப்பிலக்கணம்

காத்தனர் – கா + த் + த் + அன் + அர்
கா – பகுதி. த் – சந்தி. த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி.

கழுவிய – கழுவு + இ(ன்) + ய் + அ
கழுவு – பகுதி. இ(ன்) – இறந்தகால இடைநிலை, 'ன்' கெட்டது விகாரம். ய் – உடம்படுமெய். அ – பெயரெச்ச விகுதி.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. பயன்படுத்திய ஊசியை இடவேண்டிய கலம்
அ) மஞ்சள் நிறப் பை ஆ) சிவப்பு நிறப் பை இ) வெண்ணிறக் கலம் ஈ) நீல நிறக் கலம்

2. செம்மல்வைஸின் புதிருக்கு விடைகாண உதவியது
அ) லிஸ்டரின் ஆய்வு ஆ) கொலெட்ச்காவின் இறப்பு இ) கையுறையின் பயன்பாடு ஈ) சேத்துப்பட்டு ஆய்வு

3. கவச உடையைக் களையும்போது இறுதியாக நீக்க வேண்டியது
அ) கையுறை ஆ) கண்காப்பு இ) மேலங்கி ஈ) முகக்கவசம்

குறுவினா

1. மருத்துவமனைசார் தொற்று என்பது யாது?
2. மருத்துவத்தின் நான்கு கூறுகளாக வள்ளுவர் குறிப்பிடுவன யாவை?
3. கைகழுவ வேண்டிய ஐந்து தருணங்களை எழுதுக.

சிறுவினா

1. எல்லா நோயாளிகளிடமும் ஒரே முன்னெச்சரிக்கை என்னும் நெறியில் அறமும் அறிவியலும் இணையுமாற்றை விளக்குக.
2. சீருடை தைப்பதற்கும் கவச உடை தைப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கூறுக.
3. ஊசிக்காயம் பட்டவர் உடனே செய்ய வேண்டியன யாவை? அதனை மறைப்பதால் நேரும் தீங்கு யாது?

நெடுவினா

1. 'பணியாளரைக் காப்பதும் நோயாளியைக் காப்பதும் ஒரே செயலின் இரு பக்கங்கள்' என்னும் கருத்தைப் பாடப்பகுதியின் வரலாற்று நிகழ்வுகள்கொண்டு நிறுவுக.
2. தொற்றுத் தடுப்பில் நிறுவனம், பணியாளர், பொதுமக்கள் ஆகியோரின் பொறுப்புகளைத் தொகுத்தெழுதுக.